சாப்பிட்டு முடித்தவன் வேறு ஆள்

போன வாரம் சேலத்திலிருந்து ஏற்காடு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அடிவாரத்தில் காய்கறிப் பையோடு ஒரு பெண்மணி ஏறி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் என்னையே உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க... நம்ம படம் என்னங்க ஆச்சு?"

சரோஜாக்கா! என் ஒரே குறும்படத்தின் ஒரே கதாநாயகி.

வழக்கமாக இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும், எனக்கும் சினிமாவுக்கும் டிக்கெட் வாங்குகிற உறவுதான். எல்லாம் லாக்டவுன் செய்த வேலை. நண்பர் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று ஏற்காடு மலையில் இருக்கும் மஞ்சக்குட்டைக்குப் போனேன். மலையை மூடிவிட்டார்கள். தூங்கினேன், தின்றேன், ஜன்னல் வழியே காப்பிப் பூவைப் பார்த்தேன்... எத்தனை நாள்தான் பூவையே பார்ப்பது? கையில் செல்போன் வேறு இருந்தது. வேலை இல்லாத மனிதன் வேறு என்ன ஆவான் – டைரக்டர் ஆனேன்.

கதை இதுதான். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன், பஸ் இல்லாததால் நடந்தே ஊருக்குக் கிளம்புகிறான். அம்மா சோறு போட்டு வைத்துக் காத்திருக்கிறாள். அவன் வரவே இல்லை. மூடி வைத்த தட்டைக் காட்டிப் படம் முடிகிறது. எழுதிவிட்டு நானே கண் கலங்கினேன்.

நடந்து வரும் மகனாக, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் சேகர். அம்மாவாக, அதே எஸ்டேட்டில் வேலை செய்யும் சரோஜாக்கா. ஆனால் முழுக் கதையையும் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. தன்னால் முடியாது என்றார். வெறும் கதைதானே அக்கா என்றேன்.

"உங்களுக்குக் கதைங்க. எம் பையன் மணி திருப்பூர்லதானுங்க இருக்கறான். கெளம்பறேன்னு சொன்னான், அதுக்கப்புறம் போனே போவ மாட்டேங்குது. வட்டல்ல சோத்தப் போட்டு மூடி வெச்சுப்போட்டு, புள்ள வர்லீன்னு என்ற வாயால சொல்லுவனுங்களா?"

அங்கேயே கிளைமாக்ஸை மாற்றினேன். மகன் வந்துவிடுகிறான். வயிறாரச் சாப்பிடுகிறான். சரோஜாக்கா அடுப்புப் பற்ற வைக்கப் போய்விட்டார்.

நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? சினிமாவில் யாருமே முழுதாகச் சாப்பிடுவதில்லை. ரெண்டு வாய் வைத்ததும் கோபம் வந்து எழுந்துவிடுவார்கள். சரோஜாக்கா வீட்டில் அது நடக்காது. சாமைச் சோறு, அவரைக்காய்க் குழம்பு. சேகர் ரெண்டு வாய் வைத்ததும் 'கட்' சொன்னேன். அவர் எழப் பார்த்தார். அக்கா விடவில்லை. பாதிச் சோற்றில் எழக் கூடாதாம், சினிமாவாக இருந்தாலும்! தின்று முடித்த பிறகு அடுத்த டேக், அதற்குப் புதிதாக ஒரு தட்டுச் சோறு. குறுக்கே நாய் குரைத்தது. இன்னொரு தட்டு. அப்புறம் நான் பட்டனை அமுக்க மறந்தேன்... சேகர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

எஸ்டேட்டில் சேகர் என்ன சொன்னாலும் "சரிங்க சார்" என்று தலையாட்டுபவர் சரோஜாக்கா. அன்று சேகரின் பக்கத்தில் உட்கார்ந்து மிரட்டினார். "தின்னு கண்ணு. எளைச்சுப் போய்ட்ட." சேகரின் வயிறோ சட்டைப் பட்டனைத் தள்ளிக்கொண்டிருந்தது!

டேக்குக்கும் டேக்குக்கும் நடுவில் சரோஜாக்கா வாசலுக்குப் போய் மகனுக்கு போன் போட்டுப் பார்ப்பார். ஸ்விட்ச் ஆஃப். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி சோறு போடுவார்.

மகன் காலித் தட்டோடு நிமிர்ந்து சிரிக்கும் கடைசி ஷாட் மட்டும் பாக்கி. சேகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு லீவு சொல்லிவிட்டார்.

அந்த இடைவெளியில்தான் மணி வந்தான்.

குப்பனூர் மலைப்பாதை வழியாக, பாதி தூரம் காய்கறி வண்டி, மீதி நடை. போனில் சார்ஜ் வழியிலேயே தீர்ந்துவிட்டதாம். வெளியூரிலிருந்து வந்தவன் என்பதால் வீட்டுக்கு விடாமல் பள்ளிக்கூடத்தில் தனியாக வைத்தார்கள். சரோஜாக்கா அதே தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு ஓடினார். பின்னாலேயே நானும். காம்பவுண்டு சுவர் மேல் தட்டை வைத்துவிட்டு, சொன்னபடி தள்ளி வந்து நின்றார். பெற்ற பிள்ளை. தொடக் கூடாது.

மணி மாஸ்க்கை இறக்கினான். கன்னம் ஒட்டியிருந்தது.

"தின்னு கண்ணு. எளைச்சுப் போய்ட்ட."

நான் செல்போனைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன். அவர்தான் திரும்பிப் பார்த்தார்.

"எடுங்க. ரைட்டர் சார் தின்னது எனக்கு மனசே நெறையலீங்க."

எடுத்தேன். ஒரே டேக். மணி கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்றுவிட்டு, தூரத்தில் நிற்கும் அம்மாவுக்குத் தெரியட்டும் என்று காலித் தட்டைத் தூக்கிக் காட்டினான். படம் அங்கே முடிந்தது.

பஸ்ஸில் சரோஜாக்காவிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு குறும்பட விழாவுக்கு அனுப்பினேன், வேண்டாம் என்றுவிட்டார்கள். சாப்பிட ஆரம்பித்தவன் ஒருத்தன், முடித்தவன் வேறொருத்தன் – முகம் வேறு, சட்டை வேறு. கன்டினியூட்டி கொஞ்சமும் இல்லையாம். நியாயம்தானே? அவர்கள் சினிமா பார்க்கிறார்கள்.

கொண்டை ஊசி வளைவில் பஸ் சாய்ந்தது. சரோஜாக்கா பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

"ஆரு தின்னா என்னங்க... வட்டல் காலியாச்சுங்களா இல்லீங்களா?"