தலைகீழாகப் படம் பார்க்கும் டாக்டரம்மா

இதயம் மேலே, தோள்பட்டை கீழே. டாக்டர் தோ கியோங்-ரன் நெஞ்சு எக்ஸ்ரேயைத் திரையில் கவிழ்த்துப் போடுகிறார். நாற்பது படத்துக்கு ஒரு தடவை எழுந்து முகம் கழுவிவிட்டு வருவார். கடைசியாகப் பார்த்த ஐந்தையும் இப்படிக் கவிழ்த்து மறுபடி பார்ப்பார். எந்தக் கல்லூரியும் சொல்லிக் கொடுத்ததல்ல. இருபத்திரண்டு வருஷம் கண்ணைக் கசக்கித் தானே கண்டுபிடித்த வித்தை. பூசான் நகரத்தில் இவரைப் போல் படம் பார்க்கிற ஆள் இன்னொருவர் இருந்தால் கூட்டி வாருங்கள், பார்க்கலாம்.

அரசாங்க உடல் பரிசோதனையை முடிக்க வருஷம் முழுக்க நேரம் உண்டு. ஊருக்கு ஞாபகம் வருவது டிசம்பர் கடைசி வாரத்தில்தான். அப்படி ஒரு நாள் பரிசோதனை மையத்தின் மேலாளர் பாங், டாக்டரின் அறைக் கதவிலேயே நின்றுகொண்டார்.

"டாக்டரம்மா, இன்னைக்கு மட்டும் அந்தக் குட்டிக்கரணம் வேணாம். கீழே நூத்தம்பது பேரு வெறும் வயித்தோட என்னை முறைக்கிறாங்க."

பாவம் என்று டாக்டர் விட்டுக்கொடுத்தார். முகமும் கழுவவில்லை. படம், பொத்தான், படம், பொத்தான்.

பதினொன்றரை மணிக்கு ஒரு படம் திறந்தது. கண் அதன்மேல் விழுவதற்குள் விரல் 'இயல்பு' என்று அழுத்திவிட்டது. சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். படத்தில் குறையில்லை, அருமையான நுரையீரல். ஆனால் இதற்கு முன்னால் எத்தனை படம் இப்படிப் போனது?

"கண்ணு எப்பவோ கடையைச் சாத்திட்டுப் போயிடுச்சு, பாங். விரலு மட்டும் உட்காந்து வியாபாரம் பண்ணுது. கடைசி நாப்பதையும் எடு."

"நாப்பதுமா? கீழே என்னை அடிச்சே போடுவாங்க."

"அடிக்கட்டும். உன் நெஞ்சுப் படத்தையும் நானே பார்த்துத் தர்றேன்."

குளிர்ந்த தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். இருபத்தேழாவது படத்தில் கை நின்றது. நேராகப் பார்த்தபோது இதயத்தின் நிழலோடு ஒட்டிக் கிடந்த பட்டாணி அளவு வெளுப்பு, கவிழ்த்ததும் தனியாக எழுந்து நின்றது. பியோ தே-சுல், அறுபத்தொரு வயது, டாக்ஸி ஓட்டுநர். 'இயல்பு' என்று டாக்டரே எழுதியிருக்கிறார். பரிசோதனை விதிப்படி அந்த ஆளுக்கு அடுத்த படம் இரண்டு வருஷம் கழித்துத்தான்.

"எங்க இருக்காரு?"

பாங் கணினியைத் தட்டினார். "வயித்துல குழாய் விட்டுப் பார்த்தாச்சு. கீழே நம்ம கூடத்துல கஞ்சி குடிக்கப் போயிட்டாரு. குடிச்சா கிளம்பிடுவாரு."

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. நாலு மாடியும் செருப்பு தடதடக்க இறங்கிக் கஞ்சிக் கூடத்துக்குள் நுழைந்தார்.

"பியோ அண்ணே யாரு?"

மூலையில் ஒருவர் கரண்டியைத் தூக்கினார். "நான்தான். என்ன, கஞ்சியைத் திருப்பிக் கேக்கறீங்களா?"

டாக்டர் அவருக்கு எதிரே உட்கார்ந்தார். "உங்க படத்தை நல்லா இருக்குன்னு எழுதினேன், அண்ணே. தப்பா எழுதிட்டேன். சின்னதா ஒண்ணு தெரியுது. ஒண்ணுமில்லாமலும் போகலாம். ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். இப்பவே மேல வாங்க."

பியோ டாக்டரின் முகத்திலிருந்து சொட்டிய வியர்வையைப் பார்த்தார். கஞ்சியைப் பார்த்தார்.

"நேத்து ராத்திரியிலேருந்து பட்டினி, டாக்டரம்மா. ரெண்டு கரண்டிதான் உள்ள போயிருக்கு."

தோ கியோங்-ரன் எழுந்தார். ஆவி பறக்கும் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். லிஃப்ட் பொத்தானை முழங்கையால் அழுத்தினார்.