ஜெராம் சாலையில் அமெரிக்கத் தேர்தல் கூடாரம்

மலேசியாவின் ஜெராமுக்குச் சற்று முன்னால், செம்பனைத் தோட்டம் முடியும் இடத்தில் ஒரு கூடாரம் நிற்கிறது. தேர்தல் வந்தால் வேட்பாளரின் ஆட்கள் சாலையோரம் போடுவார்களே, அதே கூடாரம். ஆனால் இப்போது இங்கே தேர்தலே இல்லை. பதாகையில் முன்பல் விழுந்த ஒரு சிறுமி சிரிக்கிறாள். காரை நிறுத்துகிறேன்.

"எங்கண்ணன் மக கலா. அமெரிக்காவுல நாடாளுமன்றத்துக்கு நிக்குது," என்று பால் சேர்க்காத தே ஓ தேநீரை நீட்டுகிறார், கூடாரம் போட்டிருக்கும் செல்லம்மா அக்கா. "மொதல்ல நகராட்சிக்கு நின்னப்பவும் கூடாரம் போட்டோம். ஜெயிச்சிருச்சு."

"இங்க யாருக்கும் ஓட்டு இல்லையே அக்கா?"

"தெரியும்லா. அதுக்காக நம்ம புள்ள நிக்கிறப்ப சும்மா இருக்கிறதா?"

கலா சிறுவயதில் இங்கு வந்தபோது எடுத்த படம்தான் பதாகையில் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் இப்போதைய படங்கள் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. எதிலும் சிரிப்பே சரியில்லையாம்.

அக்காவின் கைப்பேசியில், காணொளி அழைப்பில் கலாவே வருகிறாள். அங்கே இரவு. முகம் வாடியிருக்கிறது.

"தோத்துட்டேன் அத்தை. சாரி."

அக்கா கைப்பேசியை மெல்லத் திருப்பிக் காட்டுகிறார். தேர்தல் முடிவுக்காகக் காலையிலிருந்து நாற்காலிகளில் காத்திருக்கும் அக்கம்பக்கத்தார் கையசைக்கிறார்கள். பிறகு பதாகை.

"ஐயோ அத்தை, பல்லில்லாத படமா!" கண்ணைத் துடைத்துக்கொண்டே கலா வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

அக்கா அவசரமாகக் கைப்பேசியை என்னிடம் தருகிறார்.

"இந்தச் சிரிப்ப அப்படியே படம் புடிச்சி வைங்கலா. அடுத்த தடவ பேனருக்கு ஆவும்."