சேராது என்ற சொல்

என் அப்பா சின்னான் ஆவணி மாதம் மாரடைப்பில் இறந்தார். கருமத்தம்பட்டியில் வயர்மேனாக இருந்தவர். கடைசி மூன்று ஆண்டுகள் வீடுகளில் மின்சாரக் காருக்கு சார்ஜர் மாட்டும் வேலை பார்த்தார். நான் எலக்ட்ரிக்கல் படித்து பீளமேட்டில் வேலையில் இருக்கிறேன். வரைபடமும் லோடு கணக்கும் என் பொறுப்பு. கம்பி இழுப்பதும் வீட்டுக்காரர்களிடம் பேசுவதும் அவர் பொறுப்பு.

பேசும் இடத்தில்தான் நஷ்டம் வந்தது. காரமடையில் ஒரு வீடு. சார்ஜர் மாட்ட ஒரு தொகையை அப்பா போனிலேயே பேசி முடித்துவிட்டார். போய்ப் பார்த்தால் மீட்டர் பெட்டி வாசலில், கார் நிற்கும் இடம் வீட்டுக்குப் பின்னால். நாற்பது மீட்டர் கம்பி. எர்த்துக்குப் புதுக் குழி. கேட்டதற்கு அந்த வீட்டம்மா, "எல்லாம் சேத்தித்தானுங்களே சொன்னீங்க" என்றார். அப்பா, "பாத்துக்கலாங்க" என்றார். அவர் பாத்துக்கலாங்க என்றால் சும்மா செய்துகொடுக்கிறேன் என்று பொருள். கேட் விளக்கையும் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த வாரம் ஒரு விலைத்தாள் அடித்தேன். மேலே தொகை, கீழே இரண்டு பத்தி. சேரும்: மீட்டரிலிருந்து பதினைந்து மீட்டர் வரை ஆறு ஸ்கொயர் காப்பர் கம்பி, பைப், பிரேக்கர், ஈரத்தில் கசிவு வந்தால் ட்ரிப் ஆகி லைனை வெட்டும் சாதனம், ஒரு எர்த் குழி, சோதனை. சேராது: அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டரும், டைல்ஸ் ஒட்டுவது, மின்வாரியத்தில் லோடு கூட்டுவது, பழைய வயரிங்கைச் சரிசெய்வது.

அப்பா இரண்டாவது பத்தியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார்.

"அம்மணி, இந்தச் சொல்லு நல்லா இருக்குது. முடியாதுன்னா மூஞ்சில அடிச்ச மாதிரி. சேராதுங்கன்னா யாருக்கும் கோவம் வராது."

"கோவம் வந்தா?"

"பேப்பர் மேல வரட்டும்."

பிறகு எல்லா வீட்டிலும் அதைச் சொல்லப் பழகினார். ஒரு வீட்டைத் தவிர.

செங்கோடக் கவுண்டரின் தோட்டத்தில் அப்பாவின் அப்பனும் ஆத்தாளும் கூலிக்கு இருந்தவர்கள். அங்கே கூலியை முன்னால் பேசும் வழக்கம் கிடையாது. வேலை முடிந்ததும் கவுண்டர் பார்த்துக் கொடுப்பார். அப்பா வயரிங் படித்து லைசன்ஸ் வாங்கினார். விசைத்தறிக்காரர்கள் அவரிடம் மோட்டாருக்கு இவ்வளவு என்று சண்டை போட்டுப் பேசி முடிப்பார்கள். தோட்டத்து பம்புசெட் மோட்டாரைக் கழற்றி மாட்டினால் மட்டும், "பாத்துப் போட்டுத் தாரேன் சின்னா" என்பதுதான். முப்பது வருடமாக அப்படித்தான். அந்த வீட்டில் ஒரு தடவையாவது விலையைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டை விட்டுவிடவும் அவருக்கு மனமில்லை.

போன வருடம் கவுண்டரின் மகன் மனோஜ்குமார் மின்சாரக் கார் வாங்கினார். தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் சாளை வீட்டில்தான் குடியிருப்பு. அளவெடுக்க நானும் அப்பாவோடு போனேன். கவுண்டர் கைத்தடியால் பம்புசெட் அறையைக் காட்டினார்.

"லைன் அங்கிருந்து இழுத்துப்போடு. தோட்டத்துக் கரண்டு சும்மாதான வருது."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அது சேராதுங்க."

"என்ன சேராது?"

"விவசாயத்துக்குக் குடுத்த லைன்ல காரு போடக் கூடாதுங்க. பிடிச்சா உங்களுக்கு அபராதம், எனக்கு லைசன்ஸ் போயிருமுங்க."

"ஏன்டா, கத்திரிக்கா மாதிரி அரிக்குதா உனக்கு? உடம்புக்குச் சேராதாம்ல!" கவுண்டர் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். மனோஜ்குமார் சிரிக்கவில்லை. நாங்கள் தாளைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

வேறொருவர் அந்த லைனை இழுத்துக் கொடுத்தார். எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத மின்சாரம் அது. மனோஜ்குமார் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் காரில் சார்ஜ் பாதிதான் ஏறியிருக்கும். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். வீட்டு இணைப்பில் லோடு கூட்டிக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டார்.

அப்பா வண்டியை வாசலில் நிறுத்தினார். சாமான் பையை இறக்கவில்லை. விலைத்தாள் இன்னொன்றை எடுத்து நீட்டினார்.

"தொகை இதுலயே இருக்குதுங்க. கையெழுத்துப் போட்டீங்கன்னா ஆரம்பிச்சுருவனுங்க."

கவுண்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "என்ரகிட்டயே கையெழுத்தா? உங்கப்பன் இந்த மண்ணுல ஒரு வார்த்தை விலை பேசியிருப்பானா?"

"அப்பன் காலத்துல சார்ஜர் இல்லீங்களே."

"வாய் வந்துருச்சு. வேலையப் பாரு போ, பாத்துப் போட்டுத் தாரேன்."

"அப்படீன்னா வாரேனுங்க." அப்பா வண்டிச் சாவியைத் திருகினார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

"அண்ணா, இருங்க." மனோஜ்குமார் ஓடிவந்து தாளை வாங்கினார். கார் பானெட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கவுண்டர் உள்ளே போய்விட்டார். வேலை சாயங்காலம் வரை நடந்தது. அவர் வெளியே வரவில்லை. மனோஜ்குமார் தாளில் இருந்த தொகையைக் கொடுத்தார். அப்பா எண்ணாமல் பையில் வைத்தார்.

திரும்பும் வழியில் அவினாசி ரோட்டோர பேக்கரியில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். இரண்டு டீ, இரண்டு தேங்காய் பன். அப்பா பன்னைப் பிட்டுக்கொண்டே, "இனி மோட்டார் வேலைக்குக் கூப்பிடமாட்டாங்க" என்றார். வருத்தம் குரலில் இருந்தது. ஆனால் இன்னொரு பன்னும் கேட்டார்.

சொன்னபடியே ஆயிற்று. தோட்டத்து மோட்டார் வேலை வேறொருவருக்குப் போனது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அப்பா வண்டியை மெதுவாக்கி, மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்பார். "பேரிங் போச்சு. மாத்தாம ஓட்டறாங்க" என்பார். நிற்கமாட்டார்.

அவர் இறந்த அன்று கவுண்டர் வரவில்லை. மனோஜ்குமார் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அப்பாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"சார்ஜர் நல்லா ஓடுதுங்க" என்றார்.

காலையிலிருந்து எத்தனையோ பேர் எதையெதையோ சொல்லிவிட்டார்கள். எதுவும் காதில் ஏறவில்லை. இது ஏறியது.

"ட்ரிப் ஆகுதா?"

"ஒரு வாட்டிகூட ஆகலைங்க."

"மழைக்கு?"

"மழைக்கும் ஆகலைங்க."