கிளாடெட்டின் நாற்காலியில் கிடைத்த ஆதரவு

கிளாடெட் திபடோவுக்கு டாக்டர் பெல்கியிடம் பல் சுத்தம் செய்கிற வேலை. இருபத்தாறு வருஷமாக. நியூ ஹாம்ப்ஷயரின் வடக்கு மூலையில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில் பாதிப் பேரின் கடைவாய்ப் பல் அவளுக்கு அத்துப்படி. எதிரே வருகிறவர் யாரென்று சட்டென்று பிடிபடாது. சிரித்தால் பெயர் வந்துவிடும்.

நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, ஊரைப் பனி மூடிக் கிடக்கிற மாதங்களில், அதிபர் ஆசை பிடித்தவர்கள் அந்த மாநிலத்தை மொய்ப்பார்கள். கட்சியின் வேட்பாளர் யார் என்று ஜனங்கள் ஓட்டுப் போட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அத்தனை பேரும் டிவியில் வரிசையாக நின்று வாதாடுவார்கள். கிளாடெட் ஒன்றையும் விடமாட்டாள். அவள் புருஷன் நார்மண்ட், பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன், பக்கத்தில் உட்கார்ந்து முதல் கேள்விக்குள் குறட்டை விட்டுவிடுவான்.

அந்த வருஷம் அவள் மனசுக்குப் பிடித்த ஆள் ஹார்லன் ஸ்ட்ரவுட். முன்னாள் ஆளுநர். எதைக் கேட்டாலும் பழைய பாலங்களைப் பழுது பார்ப்பதில் கொண்டுவந்து முடிப்பார். மேடையில் எட்டுப் பேரில் கடைசி ஓரம். ஐம்பது நிமிஷம் ஆகியும் அவர் பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை.

"அந்த மனுஷன்கிட்டயும் ஒரு கேள்வி கேளேன்டா பாவி!" என்று கிளாடெட் டிவியைப் பார்த்துக் கத்தியதில் நார்மண்ட் விழித்துக்கொண்டான். முடிகிற நேரத்தில் ஸ்ட்ரவுட்டுக்கும் ஒரு கேள்வி வந்தது.

மறுநாள் காலை இரும்புக்கடை ரோலண்ட் காண்யே நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். கிளாடெட் ஒரு கையில் பல் சுரண்டும் கொக்கி, மறு கையில் எச்சில் உறிஞ்சும் குழாய்.

"நேத்து விவாதம் பாத்தீங்களா?"

"ஆங்."

"ஸ்ட்ரவுட் பேசினதுதானே சரி?"

"ங்ஆஆ!"

"அதைத்தான் நானும் சொல்றேன்!"

இப்படியே தினமும் ஏழெட்டு வாய். சாயங்காலம் அவள் முகம் பூரித்துப் போய் வருவாள். "ஊரே நம்ம ஆள் பக்கம்தான் நார்ம். எதுத்து ஒரு வார்த்தை பேசலையே யாரும்!"

"வாய்க்குள்ள கொக்கியை விட்டுக் கேட்டா நானும்தான் எதுத்துப் பேசமாட்டேன்" என்றான் அவன். அது அவள் காதில் ஏறவில்லை.

கடைசி விவாதத்துக்கு ஸ்ட்ரவுட் ஆதரவாளர்கள் பத்தொன்பது பேரை வீட்டுக்கு அழைத்தாள். பாலம் மாதிரியே ஒரு கேக் செய்தாள். பெரிய சட்டியில் பன்றிக்கறி போட்ட பீன்ஸ். அத்தனை பேரும் வந்தார்கள். அவள் கைச் சமையல் அப்படி.

விவாதம் தொடங்கியது. செனட்டர் அம்மாள் ஒருத்தி பேசியதும் பாதிக் கூடம் கைதட்டியது. மீதிப் பாதி, போட்டியில் இருந்த ஒரு பால்பண்ணைக்காரருக்கு விசில் அடித்தது. ஸ்ட்ரவுட் வாயைத் திறந்தார். எல்லாரும் தட்டை எடுத்துக்கொண்டு பீன்ஸ் சட்டிக்கு நடந்தார்கள்.

கிளாடெட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. "ரோலண்ட்! அன்னைக்கு ஸ்ட்ரவுட் பேசினது சரின்னீங்களே?"

"நானா? எப்போ?"

"என் நாற்காலியில!"

"அம்மா தாயே, 'வலிக்குது'ன்னு கத்தினேன்!"

கூடம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஓய்வு பெற்ற நூலகர் இர்மா பூலன், "நான் அந்தக் கட்சியே இல்லை கிளாடெட். பத்து வருஷமா உங்கிட்ட சொல்லணும்னு பாக்கறேன். வாய்ப்புக் குடுத்தாத்தானே?" என்றாள்.

கிளாடெட் விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். கண் எரிந்தது. கூடத்தில் சத்தம் ஏறிக்கொண்டே போனது. செனட்டர் கோஷ்டியும் பால்பண்ணைக் கோஷ்டியும் மோதிக்கொண்டன. 'பாலத்தைக் கட்டி என்ன பிரயோசனம், அதுல போக வேலை வேணாமா?' என்று ரோலண்ட் கேட்டது சுவர் தாண்டி அவள் காதில் விழுந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. ஈரக் கையோடு பாய்ந்து வந்தாள்.

"பாலம் கட்டறதே வேலைதானேய்யா!"

"அப்படிச் சொல்லு. அதுக்கு என் பதில் என்னன்னா..." என்று ரோலண்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்து நிமிஷம் பேசினார். கிளாடெட் முழுசும் கேட்டாள். வாயில் எதுவும் இல்லாதபோது மனுஷன் நன்றாகத்தான் பேசினார்.

ஓட்டு எண்ணியபோது அந்த ஊரில் ஸ்ட்ரவுட்டுக்கு ஏழு. ஒன்று தன்னுடையது, மற்ற ஆறும் யார் என்று அவள் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. நார்மண்டைக் கேட்டாள். "ரகசிய ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் பனி வாரப் போய்விட்டான். அதே வாரம் ஸ்ட்ரவுட் போட்டியிலிருந்து விலகினார். இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு கொக்கியையும் குழாயையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் அவள் கேள்வி கேட்கிறாள். அரை மணி வேலை ஒன்றேகால் மணி இழுக்கிறது. ஒருநாள் பொறுமை இழந்த டாக்டர் பெல்கி உள்ளே நுழைந்து, "கிளாடெட், வெளிய நாலு பேர் காத்திருக்காங்க!" என்று சீறினார்.

நாற்காலியில் கிடந்த இர்மா தலையைத் தூக்கினாள். "வாங்க டாக்டர். நவம்பர்ல அதிபர் தேர்தல் வருதே, நீங்க யாருக்குப் போடப் போறீங்க?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கதவைச் சாத்தினார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "யாரும் என்கிட்ட இதைக் கேட்டதே இல்ல" என்று ஆரம்பித்தார்.