நடுப்பெட்டி

அம்மாவுக்குக் காது போய்விட்டது என்று அண்ணன் போனில் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தோட்டத்து மோட்டாரில் காயில் எரிந்துபோய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னான். டிவியை அலறவிட்டும் கேட்கவில்லையாம். அதனால் இனி திராட்சைத் தோட்டத்துக்குப் போகக் கூடாது என்று நிறுத்திவிட்டானாம். அருவிக்குப் போகிற வேனெல்லாம் சுருளிப்பட்டி ரோட்டில் பறக்கிறது, ஹாரன் கேட்காமல் அடிபட்டால் யார் பதில் சொல்வது என்று என்னையே திருப்பிக் கேட்டான். "வாசக் கேட்டப் பூட்டித்தான் வச்சிருக்கோம்" என்றான் பெருமையாக.

முப்பது வருஷமாக அந்தத் தோட்டத்துக்கு நடந்த பொம்பளை. பந்தலுக்கு அடியில் நின்று கொத்துக் கொத்தாகப் பிடித்துப் பார்த்து, அழுகின பழத்தைக் கத்தரிக்கோலால் எடுத்துவிடுகிற வேலையை வேறு யாரையும் தொட விடமாட்டாள். அவளை உள்ளே வைத்துப் பூட்டுகிறாராம் துரை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் திரும்புவதில்லை என்று, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நான் வாக்கப்பட்ட மார்க்கையன்கோட்டையில் பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் கால் வைத்தால் ஒரே சந்தைக்கடைச் சத்தம். "அத்தே! ஒங்க மக வந்துருக்காக!" என்று மதினி தொண்டை கிழியக் கத்தினாள். அம்மா அவளுக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள். அண்ணன் ஒரு கத்து, அண்ணன் மகள் ஒரு கத்து. சாப்பிடக் கூப்பிடுவதற்கும் கத்து, மாத்திரைக்கும் கத்து. அம்மா எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினாள். முன்னே இருந்த வாய் என்ன, வழக்கு என்ன! ஊரையே விலைபேசுகிறவள், தப்புச் செய்துவிட்டு நிற்கிறவள் போல ஓரமாக நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுப்படியில் மதினியிடம் மெதுவாகத்தான் கேட்டேன், "கொழம்புக்கு உப்புப் போட்டாச்சா?"

"போட்டாச்சு ஆத்தா, நாந்தான் போட்டேன்." பதில் அம்மாவிடமிருந்து வந்தது. வெளியே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

எட்டிப் பார்த்தேன். "ஏம்மா, நல்லாத்தான கேக்குது ஒனக்கு?"

"நீங்கள்லாம் கத்திப் பேசுறீக. அதான் கேக்குது."

"நான் இப்பக் கத்தலையேம்மா."

அவள் கீரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "டிவில பேசுறது ஒரு வார்த்த வெளங்க மாட்டேங்குதே. உங்கப்பா போனதுலருந்து இப்படித்தான். அழுது அழுது காது அடச்சுப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். போனவரு அதையும் சேத்துக் கொண்டுபோயிட்டாரு."

அடப்பாவிகளா! ஒரு வருஷமாக இதை யாரிடமும் சொல்லாமல், அப்பாவோடு காதும் போனதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. டிவி பார்ப்பது அவள் ஒருத்திதான். அண்ணனுக்கும் மதினிக்கும் பிள்ளைக்கும் ஆளுக்கொரு செல்போன், காதில் ஆளுக்கொரு வயர்.

போய் டிவியைப் போட்டேன். அப்பா ஆசையாக வாங்கின ஹோம் தியேட்டர் ரிசீவர் நீல விளக்கோடு எழுந்தது. ஏதோ சீரியல். ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள், வயலின் கூரையைப் பிய்க்கிறது, இடி இடிக்கிறது. அவள் வாய் மட்டும்தான் அசைந்தது. பேச்சு எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. சத்தத்தைக் கூட்டினேன். இடிதான் கூடியது. எனக்கும் ஒரு வார்த்தை விளங்கவில்லை.

"சத்தத்தக் கொறம்மா! இம்புட்டு வச்சுமா கேக்கல?" என்று அண்ணன் வாசலில் இருந்து கத்தினான். அவன் பார்க்கவில்லை, டிவி முன்னால் நான்தான் நிற்கிறேன் என்று.

அப்பா பாலித்தீன் பையில் சுற்றி டிவிக்கு அடியிலேயே வைத்திருந்த ரிசீவர் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவள் நான். இருந்தும் ரிமோட்டில் நாலைந்து பொத்தானைத் தப்புத் தப்பாக அமுக்கின பிறகுதான் ஸ்பீக்கர் செட்டிங் வந்தது. முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு, அதோடு டம்மென்று அதிர ஒரு பேஸ் பெட்டி. எல்லாவற்றுக்கும் நேரே 'யெஸ்' என்று இருந்தது. அப்பா வைத்தது வைத்தபடி. அந்த மிஷினுக்கு மட்டும் நாங்கள் பாகம் பிரித்த சேதி தெரியாது.

கருமாதி முடிந்த மறுநாள் பிரித்தோம். எங்கள் சனத்தில் பாகம் என்றால் கரண்டி வரைக்கும் பிரித்தாக வேண்டும். எதையும் ஒருத்தர் முழுசாகக் கொண்டுபோய்விடக் கூடாது, மற்றவர்களுக்கு மனத்தாங்கல் வந்துவிடும். அண்டாவை ஒருத்தருக்கும் அதன் மூடியை இன்னொருத்தருக்கும் கொடுத்த சனம். ஹோம் தியேட்டர் வந்தபோது தாய்மாமன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "மூத்தவனுக்கு மிசினும் முன்னாடிப் பெட்டி ரெண்டும். சின்னவனுக்கு பேஸ் பெட்டியும் பின்னாடி ரெண்டும். நடுவுல பொறந்தவளுக்கு நடுப்பெட்டி. ஒருத்தருக்கும் கொற இல்லைல?"

தம்பி தன் பங்கை ஜீப்பில் மாட்டிக்கொண்டான். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறும்போது டம்டம் என்று அடித்துக்கொண்டு போகிறான். டிவியில் பேசுகிற பேச்செல்லாம் நடுப்பெட்டி வழியாகத்தான் வரும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. டிவிக்குப் பின்னால் கைவிட்டு இழுத்தேன். சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர், நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றி, எதிலும் மாட்டாமல் வந்தது. வருஷம் பூராவும் அத்தனை பேச்சும் அந்த நுனி வரைக்கும் வந்து செத்திருக்கிறது.

பெட்டி எங்கே இருக்கிறது? என் வீட்டு பீரோ மேல். கொண்டுபோன பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்கவில்லை, அதன் மேல் ஒரு கடிகாரம் வைத்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு மண்ணும் ஆகப்போவதில்லை. "பொண்ணுக்கு எதுக்குப் பெட்டி?" என்று அண்ணன் கேட்டதற்கு, "நானும் அப்பாவுக்குத்தான் பொறந்தேன்" என்று தெருவே கூடுகிற மாதிரி சண்டை போட்டு வாங்கிப்போனவள் நான். கேட்க வந்த நாலு கேள்வியும் என் பக்கமே திரும்பின. அண்ணன் கேட்டைத்தான் பூட்டினான்.

நடுப்பெட்டி இல்லை என்று 'நோ' போட்டேன். பின்னாடிப் பெட்டிக்கும் பேஸுக்கும் 'நோ' போட்டேன். பட்டென்று அந்தச் சீரியல்காரியின் குரல் முன்னால் இருந்த இரண்டு பெட்டியிலும் வந்தது. சத்தத்தைப் பாதிக்கும் கீழே இறக்கினேன்.

அம்மா கீரைக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இவ பொய் சொல்றா" என்றாள், டிவியைப் பார்த்து.

நான் எல்லாவற்றையும் சொன்னேன், வயர், பெட்டி, பீரோ, கடிகாரம். மெதுவாகத்தான் சொன்னேன். அவள் ஒரு இடத்திலும் 'என்ன?' என்று திருப்பிக் கேட்கவில்லை. சொல்லி முடித்ததும் கையைக் கழுவினாள். மாடத்தில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு செருப்பைப் போட்டாள்.

"எங்கன போற?" என்று அண்ணன் வழக்கம்போலக் கத்தினான்.

"கத்தாதடா. எனக்குக் கேக்குது. கேட்டத் தொற."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் சாவியை எடுத்துப் போய்த் திறந்தான். அம்மா ரோட்டில் கால் வைத்துவிட்டாள். பின்னாலேயே போய், "பெட்டிய நாளைக்குக் கொண்டாந்து தந்துர்றேம்மா" என்றேன். எனக்கே கேட்காத குரல்.

"இன்னைக்கே போயி எடுத்துட்டு வா" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமல்.