சர்க்கார் சகதி

அறுபதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். தறிச்சத்தத்தில் வளர்ந்தவளுக்கு அந்த ஊரின் அமைதி முதலில் பயமாக இருந்தது. பக்கத்து வீட்டு மதினி வாயைத் திறந்ததும் அந்தப் பயம் போய்விட்டது.

கோடையில் கண்மாய் வற்றியதும், அடியில் படிந்த கரம்பை மண்ணை வண்டி வண்டியாக அள்ளிப் புஞ்சைகளில் கொட்டுவார்கள். எங்களுக்கு உரம் அதுதான். கண்மாயும் ஆழப்படும். யார் எந்தப் பக்கம் அள்ளுவது என்பதை ஊரே கூடிப் பேசி, திருப்தியாகச் சண்டை போட்டு, முடிவு செய்யும்.

நான் போன அடுத்த கோடையில் கண்மாய்களைக் கவனிக்கும் புது ஓவர்சியர் ஒருவர் ஜீப்பில் வந்து வண்டிகளை மறித்தார். உத்தரவில்லாமல் ஒரு கூடை மண் எடுத்தாலும் கேசு போடுவாராம்.

"கண்மாய வெட்டுனது எங்க ஆளுகதான" என்றார் என் வீட்டுக்காரர்.

"யாரு வெட்டுனா என்னய்யா? இது சர்க்கார் சொத்து. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்."

மதினி முன்னால் வந்தாள். "வெள்ளைக்காரன் போயிட்டான்னு ஆரஞ்சு முட்டாய் குடுத்தாகளே சாமி, அதத் திருப்பிக் குடுக்கணுமா?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் வண்டிகள் காலியாகவே திரும்பின.

சில நாள் கழித்து, யாராவது மண் திருடுகிறார்களா என்று பார்க்க ஓவர்சியர் கண்மாய்க்குள்ளேயே ஜீப்பை விட்டார். மேலே காய்ந்த ஓடு, அடியில் சகதி. நடுக் கண்மாயில் ஜீப்பு பொதுக்கென்று இறங்கிவிட்டது. அவரும் டிரைவரும் முழங்கால் சேற்றில் நின்று தள்ளிப் பார்த்தார்கள். நாங்கள் கரையில் உட்கார்ந்து பார்த்தோம்.

"மம்பட்டி எடுத்துட்டு வாங்கப்பா, தோண்டுங்க!"

"ஐயய்யோ, சர்க்கார் மண்ணுல்ல!" என்றாள் மதினி. "தொட்டா கேசுன்னீகளே."

"நான்தான் சொல்றேன்ல, எடுங்க!"

"எம்புட்டு எடுக்கலாம் சாமி? ஒரு கை கூடிறக் கூடாதுல்ல."

வெயில் மண்டையைப் பிளந்தது. "எம்புட்டு வேணும்னாலும் அள்ளித் தொலைங்க!" என்று கத்தினார்.

ஊரே இறங்கியது. ஜீப்பைக் கிளப்ப நாலு பேர் போனார்கள். மற்றவர்கள் வண்டி பூட்டினார்கள். நானும் கூடை சுமந்தேன். ஜீப்பு கரையேறிய பிறகும் அள்ளினோம். மதினி கொடுத்த கம்மங்கூழைக் குடித்தபடி ஓவர்சியர் மெதுவாகச் சொன்னார்: "எங்கப்பாவும் புஞ்சக்காரருதான்."

"அப்புறமென்ன?"

"எனக்கு உத்தியோகம் போயிருமேம்மா."

மதினி இன்னொரு செம்பு கூழ் ஊற்றினாள்.

அடுத்த கோடையில் வேறொரு ஓவர்சியர் வந்தார், அதே சட்டத்தோடு. இந்த முறை நாங்கள் உத்தரவு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அள்ளப் போகிறோம் என்று அவருக்கே சொல்லியனுப்பிவிட்டு அள்ளினோம். கேசு வந்தது. என் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறிப் போய்வந்தார்கள். மண் புஞ்சையில் கிடந்தது. அதைத் திரும்ப அள்ளிக் கண்மாயில் கொட்டும்படி எங்களிடம் வந்து சொல்ல எந்த அதிகாரிக்கும் தைரியம் வரவில்லை. அந்த வருசம் மிளகாய் நன்றாகக் காய்த்தது.