ஒரு மிடறு பெற்றோல்

எங்கள் கராச்சில் ஆயுதங்கள் அதிகம் இல்லை. மூன்று ஸ்பானர், ஒரு சுத்தியல், பல் போன குறடு ஒன்று, ஒன்றரை முழ ரப்பர் குழாய். மிச்ச வேலையெல்லாம் வாயால்தான். டாங்கியிலிருந்து பெற்றோலை உறிஞ்சி எடுக்க வாய், காபரேட்டரின் துளை அடைத்தால் ஊதிவிட வாய், பெற்றோலில் உப்புத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று ருசி பார்க்க வாய், மோட்டரைக் கெடுத்துக் கொண்டுவந்தவனை ஏச வாய். ஏசுகிற வேலை என்னுடையது. மற்றதெல்லாம் என் கூட்டாளி.

ஐம்பதுகளின் பின்பாதி அது. கல்முனைக் கடற்கரையில், பாண்டிருப்புக்குப் போகிற பக்கமாக, ஒரு கிடுகுக் கொட்டில் போட்டிருந்தோம். தோணி மோட்டரும் லொறியும் எவை வந்தாலும் திருத்துவோம். புதுச் சாமான் வாங்கித் திருத்த எவனுக்கும் தெரியும். வாங்காமல் திருத்துவதில்தான் எங்களுக்குப் பெயர். டாங்கி ஒழுகினால் சவர்க்காரத்தைக் குழைத்து அப்புவோம். ரேடியேட்டர் ஒழுகினால் முட்டையை உடைத்து ஊற்றுவோம். எஞ்சினுக்கு வைக்கிற மட்டைகளைப் பழைய கலண்டரில் வெட்டுவோம். எங்கள் சொந்த லொறி சண்டைக் காலத்து ஆமி லொறி. வாங்கும்போதே இடப்பக்கக் கதவு இல்லை. என் மனைவியின் பழைய அலுமாரிக் கதவைப் பூட்டினேன். அதில் கண்ணாடி அப்படியே இருந்தது. சந்தையில் நிறுத்தினால் இளந்தாரிகள் வரிசையில் நின்று தலை சீவினார்கள்.

கூட்டாளி கத்தோலிக்கன். அவனுக்குப் பேச்சு குறைவு, எனக்கு அதையும் சேர்த்து இருந்தது. உறிஞ்சுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பெற்றோல் பல்லைத் தொட்டதும் நாக்கால் அடைத்துக் குழாயைக் கீழே விட்டுவிடுவான். ஒரு துளி உள்ளே போகாது. நான் உறிஞ்சினால் ஒரு மிடறு போகாமல் இருந்ததே இல்லை. போதாததற்கு எந்நேரமும் என் வாய் நிறைய வெற்றிலை.

நோன்பு மாதம் வந்தால் எனக்கு வெற்றிலையும் இல்லை, வாய் வேலையும் இல்லை. ஊதுவது, உறிஞ்சுவது, ருசி பார்ப்பது எல்லாம் அவன் தலையில். பத்து மணிக்குக் கடையிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி வாங்கி வருகிறவன், அந்த மாதம் முழுக்க எங்கேயோ தோணி மறைவில் போய்த் தன்னுடையதைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவான். நான் கேட்டதில்லை, அவன் சொன்னதுமில்லை.

அந்த வருடம் பெரிய வெள்ளி எங்கள் நோன்புக்குள் வந்து விழுந்தது.

பெரிய வெள்ளி பின்னேரம் மூன்று மணிக்கு அவர்களுடைய கோயிலில் ஆண்டவரின் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி, பாடையில் கிடத்தி, நான்கு பேர் தோளில் சுமந்து சுற்றி வருவார்கள். முன்பக்க இடது தோள் எத்தனையோ வருடமாக என் கூட்டாளியின் தகப்பனுடையது. அவர் அதற்கு முந்திய மாரியில் மௌத்தாகிவிட்டார். இந்த முறை அந்த இடம் மகனுக்கு. மூன்று மணிக்கு இவன் அங்கே இல்லாவிட்டால் வேறொருவன் தோள் கொடுப்பான். ஒரு தரம் கைமாறினால் அந்த இடம் திரும்பி வராது. அதைச் சுமக்க அவனுடைய தகப்பன் ஒரு நேர்த்தி வைத்திருந்தார்: வியாழன் இரவிலிருந்து பாடையை இறக்கி வைக்கும் வரைக்கும் உதட்டில் ஒரு சொட்டு ஈரம் படக்கூடாது. அதையும் இவன் எடுத்துக்கொண்டான்.

இதெல்லாம் தெரிந்துகொண்டு, வியாழக்கிழமை அவனைத் திருக்கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போனது நான்தான். அங்கே ஒரு தோணிக்காரரின் மோட்டர் பழுது. பொழுதுபட முதல் முடித்துவிடலாம் என்றேன். முடியவில்லை.

"மச்சான், நாளைக்கு மூணு மணிக்கு நான் கோயிலடியில நிக்கோணும்" என்றான் அவன். அதை அவன் சொன்னது அந்த ஒரு தரம்தான்.

"நிப்பாய்! நான் கொண்டுவந்து இறக்காட்டி என்னை என்னெண்டு கேள்" என்றேன். எனக்குத்தான் வாய் நீளமாச்சே.

வெள்ளிக்கிழமை காலையில் அவன் ஆயுதம் தொடவில்லை. ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த நாள் என்று அன்றைக்கு அவர்கள் ஆணி, சுத்தியல் எதையும் தொடமாட்டார்கள். தனியே மல்லுக்கட்டி மோட்டரை முடிக்க எனக்குப் பதினொரு மணியாகிவிட்டது. தோணிக்காரர் சந்தோஷத்தில் இன்னொரு பழுதான மோட்டரையும் லொறியில் ஏற்றிவிட்டார். அக்கரைப்பற்றில் நிறுத்தி, கொண்டுபோயிருந்த வெள்ளைச் சாரத்தையும் சட்டையையும் மாற்றிக்கொண்டு ஜும்மாத் தொழுதேன். வெளியே வந்து திரும்பவும் எண்ணெய்ச் சாரத்துக்கு மாறினேன். நேரம் நிறையக் கிடந்தது.

ஒலுவில் திருப்பத்தைத் தாண்டியதும் லொறி இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

பொனட்டைத் திறக்க முதலே எனக்குக் காரணம் தெரியும். டாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் பெற்றோல் இழுக்கிற பம்புக்குள் ஒரு தோல் இருக்கும். அது கிழிந்தபோது, மட்டக்களப்பில் புதிது வாங்குவோம் என்று கூட்டாளி சொன்னான். அந்தக் காசுக்கு ஒரு கிழமை இறைச்சி தின்னலாம் என்று நான் சொன்னேன். என் மாமனாரின் மழைக்கோட்டில் ஒரு வட்டம் வெட்டிப் போட்டேன். மனிசன் அந்தக் கோட்டை இன்னும் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். இப்போது அந்த வட்டம் இரண்டாகக் கிழிந்து என் கையில் கிடந்தது.

"நாசமாப் போன கோட்டு!" என்று கத்தினேன். கோட்டு என்ன செய்யும்?

வழி இல்லாமல் இல்லை. பின்னால் கிடந்த தோணி மோட்டரின் சின்ன டாங்கியைக் கழற்றி, அதில் பெற்றோல் நிரப்பி, எஞ்சினுக்கு மேலே பிடித்துக்கொண்டால் பெற்றோல் தானாகவே இறங்கும், பம்பே தேவையில்லை. கழற்றினேன். லொறி டாங்கிக்குக் கீழே நிலத்தில் வைத்தேன். இனி லொறி டாங்கியிலிருந்து பெற்றோலைக் குழாயால் உறிஞ்சி இதில் விட வேண்டும்.

இரண்டு பேரும் குழாயைப் பார்த்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

குழாயை முழுக்கப் பெற்றோலுக்குள் அமிழ்த்தி, விரலால் அடைத்து எடுத்தால் உறிஞ்சாமலே வருமே என்று கேட்பீர்கள். வரும், குழாய் நீளமாக இருந்தால். மிச்சம் பிடிக்க ஒன்றரை முழத்தோடு வெட்டி வாங்கின மகராசனும் நான்தான்.

தெருவில் ஈ காக்கை இல்லை. அறுவடை முடிந்த வயல் இரண்டு பக்கமும் வெயிலில் காய்ந்து கிடந்தது. கடைசியில் ஒரு மாட்டுவண்டி வந்தது, ஓட்டியவர் என்னிலும் மூத்த ஒரு காக்கா. ஓடிப்போய் மறித்தேன்.

"காக்கா, ஒரு உதவி. இந்தக் குழாய ஒருக்கா உறிஞ்சி விடேலுமா?"

வண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நோன்பாளியைப் பாத்துப் பெற்றோல் குடிக்கச் சொல்றியா? ஆர்ர மகன்டா நீ?"

வாப்பாவின் பெயரைக் கெடுக்க விரும்பாமல் வழி விட்டேன்.

கூட்டாளி சூரியனை அண்ணாந்து பார்த்தான். இரண்டு மணி கடந்திருக்கும். கல்முனைக்கு இன்னும் பத்துப் பதினொரு மைல். அவன் வந்து குழாயை என் கையிலிருந்து எடுத்தான்.

"என்ன செய்யப் போறாய்?"

"உறிஞ்சித் துப்பிருவன். போவம்."

"உன்ட நேர்த்தி?"

"அப்பாக்கு விளங்கும்."

"எனக்கு விளங்காது! கொண்டா இஞ்ச!" குழாயின் ஒரு முனையை நான் இழுத்தேன், மறுமுனையை அவன் இழுத்தான். நடுத்தெருவில் இரண்டு தாடிக்காரர்கள் ஒரு ரப்பர் குழாய்க்காகச் சண்டை பிடிப்பதை யாராவது பார்த்திருந்தால் அடுத்த ஊர் வரைக்கும் சிரித்திருப்பார்கள். எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அவன் மேல் இல்லை. ஒரு மழைக்கோட்டுத் துண்டுக்காக அவனுடைய தகப்பனின் இடத்தைத் தெருவில் விட இருந்த என் மேல்.

பிடுங்கி எடுத்து, இடப்பக்கக் கதவின் கீழிருந்த டாங்கிக்குள் விட்டு, அவனுக்கு முதுகைக் காட்டி, பிஸ்மி சொல்லி உறிஞ்சினேன்.

வந்தது. வாய் நிறைய வந்தது. குழாயைச் சின்ன டாங்கிக்குள் திணித்துவிட்டுத் துப்பினேன். ஆனால் வழக்கம்போல ஒரு மிடறு இறங்கிவிட்டது. தொண்டையிலிருந்து தொப்புள் வரை எரிந்துகொண்டு போனது.

"உள்ள போயிட்டா?" என்றான் அவன்.

"ஒரு துளி போகல்ல! போனா எனக்குத் தெரியாதா? ஏறு, ஏறு!"

நிரம்பிய டாங்கியைப் பொனட்டின் மேல் தூக்கி வைத்து, குழாயைக் காபரேட்டரில் மாட்டினேன். அவன் முன் மட்கார்டில் ஏறிக் குந்தி, பொனட்டின் மேலிருந்த டாங்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நான் லொறியை விட்டேன். நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று ஊர் ஊராகச் சனம் நின்று பார்த்தது. மேட்டில் ஏறும்போதெல்லாம் அவன் டாங்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். எனக்கு ஏப்பம் ஏப்பமாகப் பெற்றோல் வந்தது. யாராவது சுருட்டுப் பற்றவைத்தால் வெடித்துவிடுவேனோ என்று பயந்துகொண்டே ஓட்டினேன்.

பெரிய வெள்ளியில் கோயில் மணி அடிக்கமாட்டார்கள், மரக்கட்டையைத் தட்டுவார்கள். நாங்கள் போய்ச் சேர, அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. அவனுடைய உடுப்பு முழுக்க எண்ணெய். "இத உடு" என்று என்னுடைய ஜும்மாச் சாரத்தையும் சட்டையையும் எடுத்துக் கொடுத்தேன். லொறி மறைவில் நின்று மாற்றினான். அலுமாரிக் கண்ணாடி அன்றைக்கு உண்மையில் உதவியது. ஓடினான்.

மதிலுக்கு வெளியே நின்று பார்த்தேன். பாடை வெளியே வந்தது. முன்பக்க இடது தோள் அவனுடையது. என் வெள்ளைச் சட்டை, கறுத்த கை, நேரே பார்த்த முகம். தகப்பனைப் போலவே நடந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்றோல் எரிவு என்று யாரிடமும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை, பக்கத்தில் யாருமில்லை.

அன்று பொழுதுபட்டு மஃரிப் வரும் வரை வேறொன்றும் வாயில் வைக்கவில்லை. பாங்கு சொன்னதும் எல்லோரோடும் பேரீச்சம்பழம் எடுத்தேன்.

"என்ன உங்கள்ல பெற்றோல் மணக்கிது?" என்றாள் மனைவி.

"பின்ன அத்தரா மணக்கும்? என்ட தொழில் என்ன?" என்று பாய்ந்தேன். பாவம், அவள் கஞ்சியை வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் பள்ளிவாசல் லெவ்வையிடம் போனேன். "ஒருத்தன் நோன்போட பெற்றோல் உறிஞ்சிரிக்கான். கொஞ்சம் உள்ள போயிட்டாம். அவன்ட நோன்பு என்ன?"

லெவ்வை என் சாரத்தைப் பார்த்தார், கை நகத்தைப் பார்த்தார். "போன நோன்புக்குப் பதிலா, அந்த ஒருத்தனைப் பெருநாளுக்குப் பிறகு ஒரு நோன்பு களாப் பிடிக்கச் சொல்லுங்க. மறுகா, நல்ல குழாய் ஒண்டு வாங்கவும் சொல்லுங்க" என்றார்.

பெருநாள் முடிந்து ஒரு கிழமை கழித்து அந்த நோன்பைப் பிடித்தேன். யாருக்கும் சொல்லவில்லை. கூட்டாளிக்குத் தெரிந்தால் அவன் தோளில் சுமந்தது அவனுக்கு வேறு பாரமாகிவிடும். தேத்தண்ணி வந்தால் வயிறு சரியில்லை என்று சொல்ல வேண்டும் என நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பத்து மணி வந்தது. தேத்தண்ணி வரவில்லை. அவன் கடைப் பக்கமே போகவில்லை. எனக்கு நல்லதாய்ப் போயிற்று என்று இருந்துவிட்டேன்.

பகல் ஒரு தோணிக்காரர் மோட்டரோடு வந்தார். பெற்றோலில் கடல் தண்ணீர் கலந்துவிட்டது போல இருக்கிறது என்றார். அதை உறிஞ்சி எடுத்து ருசி பார்க்க வேண்டும். கூட்டாளி குழாயைக் கையில் எடுத்தான். பிறகு கொழுவில் திரும்ப மாட்டினான்.

"ஏன்டா?" என்றேன்.

"இண்டைக்கு வாய் நனைக்கேலாது."

"உனக்கு இண்டைக்கு என்ன?"

"உனக்கு என்னவோ, அதுதான்."

அவன் மோட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அண்டைக்கு முதுகைக் காட்டினாய். மிடறு இறங்கினது அலுமாரிக் கண்ணாடியில தெரிஞ்சுது, மச்சான். எண்டைக்கு அந்த நோன்பைப் பிடிப்பாய் எண்டு ஒவ்வொரு நாளும் உன்ட வாயைப் பாத்துக்கொண்டிருந்தன். இண்டைக்குக் காலையிலயிருந்து வெத்திலை இல்லை." துணியை உதறினான். "ஆனா நான் வீட்டில ரெண்டு ரொட்டி திண்டுட்டுத்தான் வந்தன். மறுகாதான் உன்னைக் கண்டன். அது பரவாயில்லையோ?"

"என்ன கதை கதைக்கிறீங்க ரெண்டு பேரும்?" என்று தோணிக்காரர் சினந்தார். "உறிஞ்சிறதெண்டா உறிஞ்சுங்க, எனக்குக் கடலுக்குப் போகோணும்."

"நாளைக்கு வாங்க காக்கா" என்றேன். "இண்டைக்கு எங்க ரெண்டு பேருக்கும் நோன்பு."